வணிகக் கணிதம் மட்டும் படித்தவர் டெல்லி, ஐஐஎம், ஐஐடி பக்கம் எட்டிப் பார்க்க முடியுமா?

கண்டனூர்ப் பிள்ளை கேட்டது:

அண்ணன்மார், அக்காமாருக்கு வணக்கம். மாநிலப் பாடத்திட்டம், +2 இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல், வணிகக் கணிதமும் புள்ளியியலும், இதுதான் குரூப். பொருளியல் ஆனர்ஸ் அல்லது டேட்டா சயின்ஸ் படிக்க ஆசை. அதுவும் போட்டி அதிகமுள்ள இடங்களில்.

"கணக்கு குரூப் எடுக்காதவளுக்கு அங்கே என்ன வேலை" என்று வீட்டிலும் பள்ளியிலும் ஒரே பாட்டு. என் கேள்விகள் மூன்று. எந்தக் கதவு நிஜமாகவே மூடியிருக்கிறது, எது சும்மா சாத்தியிருக்கிறது? கணக்கு குரூப்பின் +1, +2 புத்தகங்களை முழுதாகப் படிக்க வேண்டுமா? காரைக்குடியில் விசாரித்த இடமெல்லாம் நீட், ஜேஇஇ, டிஎன்பிஎஸ்சி என்றுதான் சொல்கிறார்கள். கோச்சிங் இல்லாமல் நடக்குமா?

---

செக்காலை வாசகன்:

தங்கச்சி, முதலில் ஒன்றைப் பிரித்துப் பார். "கணக்கு வராது" வேறு, "மதிப்பெண் பட்டியலில் கணிதம் என்று அச்சாகவில்லை" வேறு. உன் சிக்கல் இரண்டாவது. கல்லூரிகள் ஆளை வடிகட்டுவது பெரும்பாலும் அந்த அச்சை வைத்துத்தான். ஆகவே ஒவ்வோர் இடத்திலும் தகுதி வரியில் என்ன சொல் இருக்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் புத்தகத்தைத் தொடு.

நிஜமாகவே மூடிய கதவுகள்: தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வு (கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் வேண்டும்), பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் (ஐஐஎஸ்சி) இளநிலை ஆராய்ச்சிப் படிப்பு (அங்கும் அதே மூன்று). இவற்றை மறந்துவிடு. உன் ஆசை இந்தப் பக்கம் இல்லை என்பதால் நஷ்டமும் இல்லை.

திறந்தே கிடக்கும் கதவுகள், வீட்டில் சொன்னால் நம்பமாட்டார்கள்:

ஐஐடி மெட்ராஸ் நடத்தும் பி.எஸ். டேட்டா சயின்ஸ். 10-ஆம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்து, +2 எந்த குரூப்பில் தேறியிருந்தாலும் போதும். ஜேஇஇ கிடையாது. அதற்குப் பதில் நான்கு வாரம் ஆன்லைனில் பாடம்: ஆங்கிலம், கணிதம், புள்ளியியல், கணினிச் சிந்தனை. வாராவாரம் ஒப்படைப்புகள், அதில் குறைந்தபட்ச மதிப்பெண் வந்தால்தான் தகுதித் தேர்வுக்கு அனுமதி. தேர்வை நேரில் போய்த்தான் எழுத வேண்டும். பொதுப் பிரிவுக்கு ஒவ்வொரு பாடத்திலும் 40, சராசரி 50 சதவீதம். இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு இதைவிடக் குறைவு. அந்த நான்கு வாரக் கணிதம் கணங்கள், சார்புகள், நேர்க்கோடு, இருபடி, பல்லுறுப்புக்கோவை அளவில்தான் நிற்கும். நுழைவது எளிது, நிலைப்பதுதான் கடினம். இரண்டாவது கணிதப் பாடத்திலேயே நேரியல் இயற்கணிதமும் பல மாறி நுண்கணிதமும் வந்துவிடும். இதே நிறுவனத்தின் எலக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் பி.எஸ். என்று ஒன்று இருக்கிறது. பெயர் ஒரே மாதிரி இருக்கிறதே என்று அதில் விழாதே, அதற்கு +2-இல் கணிதமும் இயற்பியலும் வேண்டும்.

ஐஐஎம் இந்தூரின் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு. +2-இல் எந்த குரூப் என்று கேட்பதே இல்லை. ஆனால் அதன் நுழைவுத் தேர்வான ஐபிமேட்டில் முக்கால்வாசித் தலைவலி கணக்குதான்: குறுவிடைக் கணக்கு 15, கொள்குறிக் கணக்கு 30, ஆங்கிலம் 45, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். குறுவிடையில் தவறுக்குக் கழிவு இல்லை, ஆகவே ஒன்றையும் வெறுமையாக விடக்கூடாது. கொள்குறியில் தவறுக்கு ஒரு மதிப்பெண் போகும். மடக்கை, அணிகள், வரிசை மாற்றம் எல்லாம் வரும். உன் +1 வணிகக் கணிதப் புத்தகத்தில் முக்கால்வாசி இருக்கிறது.

சாத்தியிருக்கும் கதவு டெல்லிப் பல்கலைக்கழகம். பி.ஏ. ஆனர்ஸ் பொருளியலுக்கு, பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான க்யூட்டில் ஒரு மொழி, "கணிதம் அல்லது பயன்பாட்டுக் கணிதம்", கூடவே வேறு இரண்டு பாடங்கள். +2-இல் படித்த பாடத்தையே க்யூட்டில் எழுத வேண்டும் என்பது அவர்கள் விதி. உன் பட்டியலில் இருப்பதோ "வணிகக் கணிதமும் புள்ளியியலும்". எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகவில்லை. எனவே கட்டணம் கட்டுவதற்கு முன்பு சேர்க்கைப் பிரிவுக்கு மின்னஞ்சல் போடு. பாடத்தின் ஆங்கிலப் பெயரை மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே எழுது, இரண்டு ஆண்டுப் பாடநூல்களின் பொருளடக்கத்தையும் இணை. வரும் பதிலை அச்செடுத்துச் சான்றிதழ் கோப்பில் வை. போனில் யாரோ "பரவாயில்லை" என்றதை நம்பி இறங்கினால், இடம் கிடைத்த பிறகு சான்றிதழ் சரிபார்ப்பில் கழன்றுபோகும். அதைவிடக் கொடுமை வேறில்லை.

பி.காம். ஆனர்ஸுக்கு கணிதத்துக்குப் பதில் கணக்குப்பதிவியலை வைத்தும் விண்ணப்பிக்கும் வழியை டெல்லி வைத்திருக்கிறது. அதைக் கைக்காவலாக வைத்துக்கொள்.

---

பேரேடு:

செக்காலை அண்ணன் கதவைச் சொல்லிவிட்டார், நான் பாடத்தைச் சொல்கிறேன். இரண்டாவது கேள்விக்குப் பதில்: வேண்டாம், கணக்கு குரூப் புத்தகத்தை முழுதாகப் படிக்க வேண்டாம்.

க்யூட் கணிதத் தாள் 50 கேள்வி, 60 நிமிடம், சரிக்கு 5, தவறுக்குக் கழிவு 1. முதல் 15 கேள்வி எல்லோருக்கும் பொது. மீதி 35-இல் இரண்டு பாதை: ஒன்று கணிதம், மற்றது பயன்பாட்டுக் கணிதம். வெக்டர், முப்பரிமாண வடிவியல் எல்லாம் முதல் பாதையில். உனக்குரியது இரண்டாவது. நம் வணிகக் கணிதப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

+2 வணிகக் கணிதத்தின் அணிகள், தொகை நுண்கணிதம் இரண்டு பாடங்கள், வகைக்கெழுச் சமன்பாடு, நிகழ்தகவுப் பரவல், இவை பொதுப் பகுதியை ஏறக்குறைய மூடிவிடும். நேரியல் திட்டமிடல் +1 புத்தகத்தின் செயல்முறைகள் ஆராய்ச்சியில் இருக்கிறது. +1 முடிந்ததென்று பழைய பேப்பர்காரரிடம் போட்டிருந்தால் போய் மீட்டுக்கொண்டு வா. பெருமம், சிறுமம் காண்பதும் +1-இல்தான். குறியீட்டு எண்ணும் காலம்சார் தொடர்வரிசையும் +2 பயன்பாட்டுப் புள்ளியியலில். மாறாக, போக்குவரத்துக் கணக்கு, ஒதுக்கீட்டுக் கணக்கு, எண்ணியல் முறைகளில் வரும் இடைச்செருகல் எல்லாம் பொதுத்தேர்வோடு சரி. அவற்றுக்குக் கூடுதல் நேரம் கொடுக்காதே.

இனி ஓட்டைகள், அதாவது க்யூட்டில் கேட்பார்கள், நம் வணிகக் கணிதப் புத்தகத்தில் இல்லை. இவைதான் நீ தனியாக அடைக்க வேண்டியவை.

மட்டு எண்கணிதம். பயப்படாதே, 10-ஆம் வகுப்பில் "எண்களும் தொடர்வரிசைகளும்" பாடத்தில் படித்ததுதான். 7-இன் 100-ஆம் அடுக்கை 5-ஆல் வகுத்தால் மீதி என்ன? 7-க்குப் பதில் 2 போடு. 2-இன் 4-ஆம் அடுக்கு 16, மீதி 1. 100 என்பது 4-இன் மடங்கு. எனவே விடை 1. இருபது வினாடிக் கணக்கு.

கலவை விகிதம், குழாயும் தொட்டியும், படகும் நீரோட்டமும், ஓட்டப் பந்தயம். கிலோ 60 ரூபாய் அரிசியையும் 75 ரூபாய் அரிசியையும் கலந்து கிலோவுக்கு 66 ரூபாய் அடக்கம் வர வேண்டுமென்றால், 75-இல் 66 போக 9, 66-இல் 60 போக 6, ஆக விகிதம் 3-க்கு 2. இதற்குக் கோச்சிங் இல்லை என்று வருந்த வேண்டாம். நீ சொன்ன அந்த டிஎன்பிஎஸ்சி வகுப்புகளில் சொல்லித்தரும் திறனறிக் கணக்குகளும் ஏறக்குறைய இந்த வகைதான். இந்தத் தலைப்புகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்து ஒரு திறனறிப் புத்தகம் வாங்கினால் இந்தப் பகுதி முடிந்தது.

நிதிக் கணிதம். இதில் மாதத் தவணை, நிரந்தர ஆண்டுத்தொகை, மூழ்கு நிதி (பின்னாள் தேவைக்குத் தவணையாகச் சேர்ப்பது), கூட்டு வளர்ச்சி வீதம், நேர்க்கோட்டுத் தேய்மானம், பத்திர மதிப்பு எல்லாம் வரும். இவற்றில் ஆண்டுத்தொகை வகையை மட்டும் +1 நிதியியல் கணிதத்தில் பார்த்திருப்பாய். வட்டிக்கணக்கு நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்பார்கள். ஆனால் இங்கேதான் சறுக்குவார்கள். ஒரு லட்சம் கடன், 12 சதவீதம், 12 மாதம். மொத்தத்துக்கும் தட்டையாக வட்டி போட்டால் தவணை 9,333. குறையும் நிலுவைக்கு வட்டி போட்டால் 8,885. விடைத் தெரிவுகளில் இரண்டும் இருக்கும். கேள்வியில் "குறையும் நிலுவை" என்ற சொல்லைப் பார்க்காமல் குறிப்பவர்களுக்கு 5 போய், அதற்கு மேல் 1-உம் போகும். நிரந்தர ஆண்டுத்தொகை இன்னும் எளிது: கோயில் கட்டளைக்கு ஆண்டுதோறும் 6,000 ரூபாய் வேண்டும், வட்டி 8 சதவீதம் என்றால் முதலில் போட வேண்டிய தொகை 6,000-ஐ 0.08-ஆல் வகுத்து 75,000.

புள்ளியியல் உய்த்துணர்தலில் நம் புத்தகம் பெரிய கூறுகளுக்கான சோதனையோடு நிற்கிறது. க்யூட்டில் சிறு கூறுகளுக்கான டி-சோதனையும் கேட்பார்கள். சிபிஎஸ்இ பயன்பாட்டுக் கணித நூலில் அந்த ஒரு பாடத்தை மட்டும் படி.

மற்றொன்று, பழக்கம் பற்றியது. பொதுத்தேர்வில் படிக்குப் படி மதிப்பெண். அதனால் நாம் நேர்மாறு அணியை ஒரு பக்கம் எழுதிக் கண்டுபிடிப்போம். க்யூட்டில் ஒரு கேள்விக்கு 72 வினாடி. 3-க்கு 3 அணியின் அணிக்கோவை மதிப்பு 4, அதன் சேர்ப்பு அணியின் அணிக்கோவை என்ன என்றால் 4-ஐ வர்க்கித்து 16 என்று குறித்துவிட்டு நகர வேண்டும். அணியை விரித்து எழுத ஆரம்பித்தாலே தோல்விதான்.

கால அளவு: ஆகஸ்ட் கடைசி வரை தினம் ஒரு மணி நேரம் +1 வணிகக் கணிதம் (பகுமுறை வடிவியலைத் தவிர்த்து). செப்டம்பர், அக்டோபரில் மேலே சொன்ன ஓட்டைகள். நவம்பர் முதல் பொதுத்தேர்வு முடியும் வரை வாரம் ஒரு பழைய தாள், அதற்கு மேல் வேண்டாம். தேர்வு முடிந்து க்யூட் வரைக்கும் கிடைக்கும் சுமார் ஆறு வாரத்தில் கடிகாரம் வைத்து 20 தாள். தவறான கேள்விகளைத் தனி நோட்டில் எழுதி, பக்கத்தில் "தெரியவில்லை", "நேரமில்லை", "வாசிக்கவில்லை" என்று மூன்றில் ஒரு காரணம் குறி. மூன்றாவது காரணம்தான் அதிகம் வரும், பார்.

---

கோட்டையூர் மேலத்தெரு:

சுருக்கமாக ஒரு மாற்றுக் கருத்து. சான்றிதழில் "கணிதம்" என்ற சொல்லே வேண்டுமென்றால் என்ஐஓஎஸ் திறந்தநிலைப் பள்ளியில் +2 முடித்த பிறகு கணிதம் (பாட எண் 311) ஒன்றை மட்டும் பதிந்து எழுதலாம். ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு. ஆனால் இதற்கு ஓர் ஆண்டு இடைவெளி ஆகும். தனி மதிப்பெண் பட்டியல்தான் வரும், உன் +2 சான்றிதழோடு ஒன்றாக வராது. இரண்டு வாரியப் பட்டியலைச் சேர்த்து ஏற்பார்களா என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்காமல் இதில் இறங்கக்கூடாது. பாடமும் லேசு இல்லை, வெக்டரும் முப்பரிமாண வடிவியலும் உண்டு. ஓராண்டை அடகு வைப்பதைவிட இந்தூரையும் ஐஐடி பி.எஸ்.ஸையும் குறிவைப்பது மேல் என்பது என் எண்ணம். பி.எஸ்.ஸை வேறொரு வழக்கமான பட்டப்படிப்போடு சேர்த்தே படிக்கலாம்.

கணக்கைப் பற்றிப் பேசுவதால் ஒரு கொசுறு: 1950-இல் சென்னையில் ராமானுஜன் கணித நிறுவனத்தைத் தொடங்கியது எங்கள் ஊர் அழகப்பச் செட்டியார்தான். பல்கலைக்கழகத்தையும் கல்லூரிகளையும் வைத்து அவரை நினைப்பவர்கள் பலருக்கும் இது தெரியாது.

---

கோவிலூர்த் தம்பி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். கணிதமே கிடையாது, வணிகக் கணிதமும் இல்லை. நீட் வேண்டாம், ஆராய்ச்சிப் பக்கம் போக வேண்டும். ஏதாவது உண்டா?

---

செக்காலை வாசகன்:

உண்டு தம்பி. ஐசர் எனும் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் பி.எஸ்-எம்.எஸ். படிப்புக்கு உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் நான்கில் ஏதாவது மூன்று +2-இல் இருந்தால் போதும். நுழைவுத் தேர்வான ஐஏடியில் நான்கிலிருந்தும் தலா 15, ஆக 60 கேள்வி, 240 மதிப்பெண், மூன்று மணி நேரம். நான்கும் கூட்டலில் சேரும் என்பதுதான் உனக்கு இடி. 60 மதிப்பெண்ணை அப்படியே விட்டுக்கொடுத்தால் மற்ற மூன்றில் மிக உயரமாக நிற்க வேண்டும். அதனால் கணிதத்தில் ஐந்தாறு கேள்விக்காவது குறிவை: கணங்கள், நிகழ்தகவு, வரிசை மாற்றம், அணிகள், நேர்க்கோடு. கணக்கு குரூப்பின் +1 புத்தகத்திலிருந்தும் +2-இன் அணிகள் பாடத்திலிருந்தும் எடுத்துக்கொள். தொகை நுண்கணிதத்தைத் தொடாதே, உனக்கு இருக்கும் நேரத்தில் அது விளையாது. தெரியாததைக் குறிக்காதே, தவறுக்குக் கழிவு உண்டு.

புவனேஸ்வரில் உள்ள நைசர் என்ற அறிவியல் நிறுவனத்துக்கான நெஸ்ட் நுழைவுத் தேர்வு உனக்கு இன்னும் வசதி. நான்கு பகுதியில் சிறந்த மூன்றைத்தான் தரவரிசைக்கு எடுப்பார்கள், கணிதம் தானாக உதிர்ந்துவிடும். ஆனால் ஒன்று: சேர்ந்த பிறகு தொடக்கப் பருவங்களில் கணிதப் பாடம் எப்படியும் வரும். கோடை விடுமுறையில் வகை நுண்கணிதம் மட்டுமாவது பார்த்துவிட்டுப் போ.

---

பினாங்கு வீதி:

வெளிநாட்டுக் கல்லூரிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் ஒரு பத்தி. அமெரிக்கக் கல்லூரிகளில் பொருளியலுக்கு நுண்கணிதம் படித்திருக்கிறாயா என்று பார்ப்பார்கள். இங்கேதான் நம் பிள்ளைகள் தங்களைத் தாங்களே குறைத்துக்கொள்கிறார்கள். "வணிகக் கணிதம்" என்ற பெயரை மட்டும் எழுதினால் படிப்பவருக்குக் கடைக் கணக்கு மாதிரித் தோன்றும். உள்ளே வகையிடலும் பகுதி வகையிடலும் தொகையிடலும் வகைக்கெழுச் சமன்பாடும் இருக்கின்றன. விண்ணப்பத்தின் கூடுதல் தகவல் பகுதியில் அந்த அத்தியாயப் பெயர்களை நான்கு வரியில் எழுது. இந்த குரூப்பில் கிடைக்கும் கணிதம் இதுதான், இதற்கு மேல் எடுக்கப் பள்ளியில் வழியில்லை என்பதைத் தலைமை ஆசிரியர் தன் கடிதத்தில் சொல்ல வேண்டும். நீ சொன்னால் சாக்குப்போக்கு, அவர் சொன்னால் தகவல்.

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதும் சாட் தேர்வின் கணிதத்தில் நுண்கணிதம் கிடையாது. 44 கேள்வி, 35 நிமிடமாக இரண்டு பகுதி, வரைபடக் கணிப்பான் திரையிலேயே இருக்கும். முதல் பகுதியில் எப்படிச் செய்கிறாயோ அதை வைத்துத்தான் இரண்டாவது பகுதி கடினமா எளிதா என்று வரும். எளிதான இரண்டாம் பகுதி வந்துவிட்டால் உச்ச மதிப்பெண் எட்டாது. ஆகவே முதல் பகுதியில் அவசரம் கூடாது. கால்டெக் போன்ற கணிதக் கோட்டைகூட 2023-இல், பள்ளியில் நுண்கணிதம் கிடைக்காதவர்கள் கான் அகாடமி என்ற இணையப் பாடத்தளம் வழிப் படித்துச் சான்று காட்டினால் போதும் என்று மாற்றிவிட்டது.

---

கண்டனூர்ப் பிள்ளை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பேரேடு அண்ணே, தமிழில் கேள்வித்தாள் எடுக்கலாமா? இன்னொன்று, எங்கள் வீட்டு விலாச எழுத்து (இனிஷியல்) நான்கு. 10-ஆம் வகுப்புச் சான்றிதழில் புள்ளி வைத்து இருக்கிறது, ஆதாரில் இரண்டு எழுத்துதான். விண்ணப்பத்தில் எதைப் போடுவது?

---

பேரேடு:

க்யூட் 13 மொழிகளில் நடக்கிறது, தமிழ் உண்டு. மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே முடிவானது என்பது விதி. கலைச்சொற்களை ஆங்கிலத்தில் அறிந்திருந்தால் ஆங்கிலத் தாளே எடு. இல்லாவிட்டால் "மூழ்கு நிதி"யைத் தேர்வறையில் யோசித்துக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

விலாச எழுத்து நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் வரும் வில்லங்கம். விண்ணப்பத்தில் 10-ஆம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி போடு. ஆதாரை அதற்கேற்ப இப்போதே திருத்திவிடு. மே மாதத்தில் போனால் கூட்டத்தில் நாள் போய்விடும். திருத்தத்துக்கு அதே 10-ஆம் வகுப்புச் சான்றிதழை எடுத்துப் போ. புள்ளியை இணையப் படிவம் ஏற்காவிட்டால் இடைவெளி விட்டு எழுது, எல்லாப் படிவத்திலும் ஒரே மாதிரி.

க்யூட் எழுதியதோடு டெல்லிச் சேர்க்கை முடிந்ததென்று பலர் உட்கார்ந்துவிடுகிறார்கள். பல்கலைக்கழகத்தின் சேர்க்கைத் தளத்தில் தனியாகப் பதிந்து, கல்லூரி விருப்ப வரிசையையும் கொடுக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் க்யூட் மதிப்பெண் எவ்வளவு இருந்தும் பட்டியலில் பெயர் வராது. சேர்ந்துவிட்டால் முதல் பருவத்திலேயே பொருளியலுக்கான கணித முறைகள் என்று ஒரு தாள் வரும், அதனால் அந்த +1 புத்தகத்தைத் தேர்வு முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடாதே.

---

கோட்டையூர் மேலத்தெரு:

பயணம் பற்றி ஒன்று. சென்னையில் தேர்வு மையம் விழுந்தால் பல்லவன் ரயிலை நம்பாதே ஆத்தா. காலையில் காரைக்குடியில் ஏறினால் எழும்பூர் போகும்போது நண்பகல் ஆகிவிடும். காலை அமர்வு என்றால் முந்தின இரவே ரயில் ஏறிவிடு. விண்ணப்பிக்கும்போதே மையமாக மதுரையையோ திருச்சியையோ முதல் விருப்பமாகக் கொடு.

---

கண்டனூர்ப் பிள்ளை:

சரிங்கண்ணே. டெல்லிக்கு அனுப்ப வேண்டிய மின்னஞ்சலை இன்று ராத்திரி எழுதுகிறேன். +1 புத்தகம் பரணில்தான் இருக்கிறதாம், ஆச்சி சொன்னார்கள்.